முதல் நாலு குடம்: நிலத்தடி நீர் அறிக்கைகளை வாசித்தல்

1

இந்தக் கட்டுரை ஒரு அட்டவணையைப் பற்றியது. கவிதையும் கதையும் தன்வரலாறும் பேசப்படுகிற இடத்தில் அட்டவணைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம சனங்களைப் பற்றி அதிகமாக எழுதிக் குவித்தது இலக்கியம் அல்ல. மகஜர், முதல் தகவல் அறிக்கை, ரேஷன் பதிவேடு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இவைதாம் எழுதின. கதையில் வராத சேரிகூட ஏதாவது ஒரு கோப்பில் வந்திருக்கும். எனவே கோப்பை வாசிக்கத் தெரியாத விமர்சனம் நமக்குப் பாதி விமர்சனம்தான்.

தொழிற்சாலைக் கழிவு இறங்கிய இடங்களில் எடுக்கப்பட்ட நிலத்தடி நீர் மாதிரிகளைப் பற்றிய அறிக்கைகள் சிலவற்றைக் கடந்த சில வருஷங்களில் வாசிக்க நேர்ந்தது. எந்த அலுவலகத்தையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கமல்ல. இந்த வகை எழுத்துக்கென்று இருக்கிற இலக்கணத்தைத்தான் பேச வருகிறேன். எல்லா அறிக்கைக்கும் கடைசிப் பக்கம் ஒன்றுதான். இடது ஓரத்தில் கிணற்று எண். பக்கத்தில் ஆழம், அமில காரத் தன்மை, மின்கடத்து திறன், கரைந்த உப்புகள், குரோமியம், ஈயம். எண்ணுக்கு எதிரே எண். நடுநடுவே ஒரே ஒரு சொல்: ‘கண்டறியப்படவில்லை.’

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த எழுத்தில் ஒன்று உடனே உறுத்தும். ‘மாதிரி எடுக்கப்பட்டது’, ‘கழிவு கொட்டப்பட்டுள்ளது’, ‘மாசு காணப்பட்டது’. எழுவாய் இருக்கிறது, வினைமுதல் இல்லை. கொட்டியவன் யார்? எடுத்தவன் யார்? கண்டவன் யார்? மூன்றாம் வேற்றுமை உருபோடு வந்திருக்க வேண்டிய ஆள் வாக்கியத்திலிருந்து மெதுவாக நழுவிப் போயிருக்கிறான். கொட்டினவனும் அளந்தவனும் ஒரே வாக்கிய அமைப்புக்குள் ஒளிந்துகொள்ள முடிகிறது என்பதுதான் இந்தச் சொல்லாடலின் சாமர்த்தியம்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு ‘இல்லை’ என்று பொருள் அல்ல. இந்தக் கருவி இவ்வளவுக்குக் கீழே பார்க்காது, அதற்குக் கீழே இருந்தால் எனக்குத் தெரியாது என்பதே அதன் பொருள். எந்த அளவுக்குக் கீழே என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதியிருந்தால் அது அறிவியல். எழுதாமல் விட்டால் அது சமாதானம் சொல்லி அனுப்புகிற வேலை. ஊர்க்கூட்டத்தில் இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, ‘பாருங்க, ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒண்ணுமில்லை என்று எங்கேயும் போடவில்லை.

2

இந்த அட்டவணைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம். பிரேம்சந்த் 1932இல் எழுதிய ‘டாகூரின் கிணறு’ நாம் எல்லாரும் அறிந்த கதை. அதைத் தீண்டாமைக் கதை என்று மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். அது அசுத்தப்பட்ட கிணற்றின் கதையும்கூட. கங்கி கொண்டுவந்த தண்ணீர் நாறுகிறது. கிணற்றில் ஏதோ மிருகம் விழுந்து செத்திருக்கும் என்று அவளே யூகிக்கிறாள். நோயில் கிடக்கிற புருஷன் ஜோக்குவுக்கு அதைக் கொடுக்க மனசில்லாமல், ராத்திரியில் டாகூரின் கிணற்றுக்குப் போகிறாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டு வெறுங்கையோடு ஓடி வருகிறாள். வந்து பார்த்தால் ஜோக்கு அந்த நாற்றத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கிறான்.

கதாசிரியர்மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் கதைக்குள் ஓரிடத்தில் அவர் குரல் கங்கியைத் தாண்டி நம்மிடம் வந்து ஒன்று சொல்கிறது: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கெடுதல் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தத் ‘தெரியாது’ என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அந்தக் கதையில் பரிசோதனையைச் செய்தது யார்? கங்கியின் மூக்கு. காரணத்தை அனுமானித்தது யார்? கங்கி. இந்தத் தண்ணீர் நோயைக் கூட்டும் என்ற முடிவுக்கு வந்ததும் அவள்தான். மூன்று படியும் ஏறி வந்தவளை நாலாவது படியில் ‘அறியாதவள்’ என்று உட்கார வைத்துவிடுகிறார் ஆசிரியர். அறிவு வாசகனுக்கும் ஆசிரியனுக்கும் நடுவில் கைமாறுகிறது. கங்கிக்கு இரக்கம் மட்டும் கிடைக்கிறது.

இன்று அதே வேலையை அறிக்கை செய்கிறது. இரக்கம்கூட இல்லாமல் செய்கிறது. தோல் பதனிடும் பட்டறைகளும் ரசாயன ஆலைகளும் இருக்கிற ஊர்களில், ‘காய்ச்சிக் குடிங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். குரோமியம் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கங்கிக்குத் தெரியாது என்று எழுதியவரின் அறிவு ராணிப்பேட்டைக் கிணற்றடியில் உதவாது.

3

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பாலாற்றங்கரைப் பக்கத்தில் ஒரு சேரி. அம்மா வழியில் எங்களுக்கு உறவுக்காரர்கள் இருக்கிற இடம். கைப்பம்பில் வரும் தண்ணீர் லேசாக மஞ்சள் காட்டியது. எம்.ஏ. முடித்துவிட்டு இயக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். நாலு பேர் போய், பெரியம்மா வீட்டிலிருந்த காலி கலர் பாட்டிலைக் கழுவி, தண்ணீர் பிடித்து, துணியால் மூடி, அடுத்த நாள் மத்தியானம் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய் ஒரு அலுவலகத்தில் மேசைமேல் வைத்தோம்.

அங்கே இருந்தவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பக் கீழே வைத்தார். ‘இது சாம்பிள் இல்லப்பா, தண்ணி’ என்றார்.

எங்களுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கே துண்டறிக்கை போட்டோம். ‘சேரி தண்ணீரைத் தொட மறுக்கும் அதிகாரம்’ என்ற மாதிரி ஏதோ தலைப்பு. நல்ல தமிழில்தான் எழுதியிருந்தேன். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. துண்டறிக்கைதான் மிச்சம்.

அந்த வாக்கியத்தைப் பல வருஷம் மனசில் வைத்திருந்தேன். இப்போது வேறு விதமாகக் கேட்கிறது. அவர் பாட்டிலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை. சரியான புட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கைப்பம்புக்கு வரவில்லை. பாட்டில் தப்பு என்பதால் கிணறும் தப்பு என்று ஆகிவிட்டது. நாங்களும் கிணறு சரி என்பதால் பாட்டிலும் சரி என்று சண்டை போட்டோம். இரண்டு தப்புக்கும் நடுவில் பெரியம்மா அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தார்.

4

பிறகு, எங்கள் தெருவில் முதன்முதலாக வேதியியல் படித்த தம்பி ஒருவனோடு சேர்ந்து சில இடங்களுக்குப் போய் வந்தேன். மாதிரி எடுக்கிற வேலைக்குக் கூப்பிடுவார்கள், போவான். அவனிடம் கற்றதை எழுதுகிறேன். இது நமக்குத் தேவையான படிப்பு.

கண்காணிப்புக் கிணறு நம் ஊர்க் கிணறு மாதிரி இருக்காது. கை அகலக் குழாய் ஒன்று தரையிலிருந்து கொஞ்சம் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. உள்ளே பி.வி.சி. குழாய். எந்த ஆழத்து நீர் வேண்டுமோ அந்த ஆழத்தில் மட்டும் குழாயில் மெல்லிய கீறல்கள். சுற்றிலும் சலித்த மணல். அதற்கு மேலே, நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண். அதற்கு மேலே சிமெண்ட். மழைத் தண்ணீரும் மேல்மட்டத்து அழுக்கும் குழாயோரமாக இறங்கிப் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இத்தனையும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிய மூன்று கிணறாவது வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் சரிவு தெரியும். கழிவு கிடக்கும் இடத்துக்கு மேல்சரிவில் ஒன்றாவது இருக்க வேண்டும். அழுக்குப் படாத நீர் எப்படி இருக்கும் என்று சொல்ல அதுதான் சாட்சி. கீழ்ச்சரிவில் இருப்பவை குற்றத்துக்குச் சாட்சி.

போனதும் முதல் வேலை நீர்மட்டம் அளப்பது. தண்ணீரைத் தொட்ட பிறகு அளந்தால் மட்டம் மாறிப்போயிருக்கும். அப்புறம், குழாயில் நின்றுகொண்டிருக்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நின்ற தண்ணீர் காற்றோடும் குழாயோடும் பழகித் தன் குணம் மாறியிருக்கும். பூமிக்குள் இருக்கிற நீரைப் பற்றி அது சொல்வதை நம்ப முடியாது. பழைய முறையில் குழாய்க் கொள்ளளவைப்போல் மூன்று மடங்காவது இறைத்து விடுவார்கள். 5 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 20 லிட்டர். மூன்று மடங்கு 60 லிட்டர். நம் கணக்கில் நாலு குடம். புதிய முறையில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக இறைத்துக்கொண்டே அமில காரத் தன்மை, மின்கடத்து திறன், கலங்கல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று முறை எண்கள் அநேகமாக மாறாமல் நின்றால்தான் புட்டியைத் திறப்பது.

புட்டியிலும் சூட்சுமம் உண்டு. மொத்தக் குரோமியம் பார்க்க வேண்டுமானால் நைட்ரிக் அமிலம் விட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விஷம் கூடிய ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் அமிலம் விடவே கூடாது. விட்டால் அது உருமாறி மூன்று இணைதிறன் ஆகிவிடும். குற்றவாளி வேறு சட்டை மாட்டிக்கொண்டு நிற்பான். அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்கத் தனிப் பக்குவம் இருக்கிறது. எங்கள் கலர் பாட்டில் ஒரு ராத்திரி திண்ணையில் இருந்து, ஒரு மத்தியானம் வெயிலில் பஸ் ஏறிப் போனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு புட்டிகள். ஒன்றில் சுத்தமான வடிநீரை ஊற்றி, களத்தில் மற்ற புட்டிகளோடு கூடவே திறந்து மூடி எடுத்துப் போவார்கள். அதில் மாசு தெரிந்தால் தப்பு நம் கையில், நம் சாமானில் என்று அர்த்தம். இன்னொன்று ஒரே கிணற்றில் எடுத்த இரட்டைப் புட்டி. வேறு எண் போட்டு அனுப்புவார்கள். இரண்டுக்கும் இரண்டு விடை வந்தால் ஆய்வகம் மாட்டிக்கொள்ளும். தன்னையே சந்தேகிப்பதற்கு ஒரு புட்டி, தன் நீதிபதியைச் சந்தேகிப்பதற்கு ஒரு புட்டி. புட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று கையெழுத்தோடு ஒரு சீட்டு. ஒரு கை விடுபட்டால் நீதிமன்றத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அறிக்கையில் காணாமல் போன வினைமுதல் இந்தச் சீட்டில்தான் பத்திரமாக இருக்கிறான். ஆனால் அதை அச்சில் கொண்டுவருவதில்லை.

5

இதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு மகத் ஞாபகம் வந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான நம் மக்களும் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். 108 பானைத் தண்ணீர் மொண்டு, அதில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லி, மறுபடி குளத்திலேயே ஊற்றினார்கள். இங்கே நாலு குடம், அங்கே 108 பானை. இரண்டுமே தண்ணீரை வெளியே எடுக்கும் சடங்குதான் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். அறிவியலும் ஒரு புராணம்தான் என்று எழுதுவது இப்போது சுலபம். கட்டுடைப்பு பேசுகிற நண்பர்கள் சிலர் அப்படித்தான் எழுதுவார்கள். நான் உடன்பட மாட்டேன்.

கிணற்றடியில் ஒரு விதி உண்டு. சுத்தமானது என்று நம்பப்படும் கிணற்றில் தொடங்கி, அதிகம் கெட்டது என்று தெரிந்த கிணற்றில் முடிக்க வேண்டும். கேட்டவுடன் எனக்குச் சுருக்கென்றது. முதலில் அக்ரகாரம், கடைசியில் சேரி என்று காலங்காலமாய்ப் பார்த்த வரிசைதானே இது? தம்பி சிரித்தான். ‘ஒரு கெணத்து அழுக்கு இன்னொரு கெணத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான்க்கா. நடுவுல வாளியக் கழுவிடுவோம். கழுவிட்டா எந்தக் கெணத்துலயும் எறக்கலாம்.’

வித்தியாசம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மாசு கழுவினால் போகும். போய்விட்டதா என்று அளந்து பார்க்கலாம். தீட்டு கழுவினால் போகாது, அளக்கவும் முடியாது. கையுறை எல்லாக் கையையும் சந்தேகிக்கிறது. விஞ்ஞானி கையும் வியர்வைக் கைதான், கூலிக்காரன் கையும் வியர்வைக் கைதான். தீட்டு பிறப்பைப் பார்த்துச் சில கைகளை மட்டும் சந்தேகிக்கிறது. மகத் குளத்தில் மாடு குடித்தது, மற்ற மதத்தார் குடித்தார்கள். யாரும் பானை தூக்கவில்லை. குளம் தனியார் சொத்து, விலக்கி வைப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்று தொடுத்த வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது. வழக்கத்துக்கு ஆதாரம் கேட்டபோது அது நிற்கவில்லை. தீட்டு சாட்சிக் கூண்டில் நிற்காது. மாசு நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், இந்த முறையைத் தூக்கி எறிகிற வசதி நமக்கு இல்லை. அளவும் ஆதாரமும் நம்முடைய ஆயுதம்.

6

அப்படியானால் கோளாறு எங்கே? முறையில் இல்லை. முறை தொடங்குவதற்கு முன்னால் எடுக்கப்படும் முடிவில் இருக்கிறது. குழாயை எங்கே இறக்குவது?

ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். சிப்காட் வளாகத்திலிருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வழிகிறது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. இந்தியக் குடிநீர்த் தர அளவுப்படி ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது அந்த வரம்பை எத்தனையோ மடங்கு தாண்டியிருக்கும். அதாவது பெரியம்மா கண்ணில் பட்டது தொடக்கம் அல்ல.

கழிவு இருக்கிற இடத்துக்குள்ளும் வேலியோரத்திலும் குழாய் இறக்கிப் பார்ப்பது அவசியம்தான். கழிவு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அதுதான் காட்டும். ஆனால் அந்தப் பூட்டிய குழாயிலிருந்து யாரும் குடிப்பதில்லை. அதை ஆராய்வது கழிவைப் பற்றிய ஆராய்ச்சி. குடிக்கிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அல்ல. கரைந்த உலோகத்தை மட்டும் பார்க்க 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து எடுப்பார்கள். பூமிக்குள் எது நகர்கிறது என்று அறிய அது சரி. சேரியில் அந்த வடிகட்டி கிடையாது; கலங்கலோடு சேர்த்துத்தான் குடிக்கிறோம். குடிக்கிற கிணற்றில் வடிகட்டாத நீரையும் எடுக்க வேண்டும். எந்த எண் வடித்தது, எந்த எண் வடிக்காதது என்று சொல்லாத அட்டவணை நம்மை ஏய்க்கிற அட்டவணை.

இன்னொன்று. நம் கிராமங்களில் சேரி பெரும்பாலும் எங்கே இருக்கிறது? ஊர்த் தண்ணீர் வடிகிற பக்கம், தாழ்ந்த பக்கம். நிலத்தடி நீரும் அநேகமாக நிலத்தின் சரிவையொட்டியே நகர்கிறது. மேல்சரிவு, கீழ்ச்சரிவு என்று அறிக்கை எழுதுகிற சொற்களை நாம் வேறு அர்த்தத்தில் ஏற்கெனவே அறிவோம். சாதி வரைந்த வரைபடமும் மாசு நகர்கிற வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிற ஊர்கள் உண்டு. அறிக்கை கிணற்றுக்கு எண் போடுகிறது, தெருவின் பெயர் போடுவதில்லை. தெருவின் பெயரைப் போட்டுவிட்டால் அட்டவணை அப்போதே சாதியைப் பேச ஆரம்பித்துவிடும்.

பேச வைத்த ஓர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. தோல் பட்டறைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவன் ஈடு தர வேண்டும், ஆபத்து நிரூபணமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அதில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எண்ணிப் பார்த்ததில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. கவனியுங்கள், அவை பூட்டுப்போட்ட கண்காணிப்புக் கிணறுகள் அல்ல. சனங்கள் மொண்டு குடித்த, வயலுக்கு இறைத்த கிணறுகள். ஊர் ஊராகப் போய் எண்ணிய கால்களின் கணக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குள் ஏறி உட்கார்ந்தது.

அதே தீர்ப்பு தோல் பட்டறைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது குறிப்பிட்ட மாவட்டங்களில் ஒன்றின் அன்றைய பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததைப் பொறுக்க முடியாமல் கலவரம் மூண்டு, 1997இல் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் எடுக்கப்பட்டன. பெயர் போய்விட்டது. குரோமியம் போகவில்லை.

7

இனி நம் பக்கம். தலித் எழுத்து தண்ணீரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். ‘விஷம்’, ‘ரத்தம்’, ‘கண்ணீர்’ என்ற மூன்று உவமைகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்த மாசம் நிறம் மாறியது, மழைக்கு முன்பா பின்பா, அந்த வருஷம் யாருக்குக் கையில் புண் வந்தது, யார் முதலில் சொன்னார்கள் என்று எழுதி வைத்தோமா? பட்டறையில் தோல் ஊறவைத்துச் சுண்ணாம்பில் நின்ற நம் அப்பன் பாட்டன்களுக்கு அந்தத் தண்ணீரின் வரலாறு மனப்பாடம். அவர்களோடு அது போய்க்கொண்டிருக்கிறது. சாட்சியம் என்பது உணர்ச்சி மட்டும் அல்ல, தேதியும்தான். ‘அந்தக் காலத்துலயே மஞ்சளா வந்துச்சு’ என்பது நினைவு. ‘பெரிய மகளுக்குக் கல்யாணம் நடந்த வருஷம், ஐப்பசி அடைமழை விட்டதும், நடுத்தெருக் கைப்பம்பு’ என்பது சாட்சியம். இரண்டாவது வாக்கியத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு குழாயை எங்கே இறக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

நாம் சொல்லாவிட்டால் மாதிரி வேறு இடத்தில் எடுக்கப்படும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. குழந்தைகள் சீக்கில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நடந்தது என்ன? தண்ணீரின் மாதிரியிலிருந்து விசாரணை மனிதர்களின் மாதிரிக்கு நகர்ந்தது. டி.என்.ஏ. சோதனைக்கென்று அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமிருந்தே ரத்தம் கேட்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களையே குற்றவாளிகள் என்றது. தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் அதை ஏற்க மறுத்தன. அந்த வழக்கின் உண்மையை இந்தக் கட்டுரை தீர்க்க முடியாது. ஆனால் மாதிரி எடுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்தக் கேள்விக்காக எடுக்கப்படுகிறது என்பது ஒரு தொட்டியையே திருப்பி வைத்துவிட முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனவே என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டு. கிணற்றின் பெயர், ஆழம், தேதி, நிறம், வாசம், சொன்னவர் பெயர். மாதிரி எடுக்க யார் வந்தாலும் கூடவே நம் ஆள் ஒருவர். நீர்மட்டம் அளந்தார்களா, எவ்வளவு இறைத்துவிட்டார்கள், அமிலம் விட்ட புட்டி எது, விடாத புட்டி எது, வடித்தார்களா, ஐஸ் இருந்ததா, சீட்டில் கையெழுத்துப் போட்டது யார் என்று அந்த நோட்டில் எழுத வேண்டும். முடிந்தால் இரட்டைப் புட்டி ஒன்றை நாமும் கேட்டு வாங்கி வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாணவத் தோழர்கள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். இதுவும் இலக்கிய வேலைதான். வினைமுதலை வாக்கியத்துக்குள் திரும்பக் கொண்டுவருகிற வேலை.

போன வருஷம் பெரியம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். காதில் வாங்கிக்கொண்டே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் கையை நிறுத்தினார்.

‘மொதல்ல நாலு கொடம் எறச்சி விடுவாங்கன்னியே, அத்த இன்னா பண்ணுவாங்க?’

‘கெட்ட தண்ணி பெரியம்மா, கீழ ஊத்தக் கூடாது. டிரம்முல புடிச்சி மூடி வெச்சி, சோதனை முடிவு பாத்து, தனியா கொண்டுபோய் அழிக்கணும்னு வெதி இருக்குது.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தெருமுனைக் கைப்பம்புப் பக்கம் பார்த்தார்.

‘தரையில ஊத்தறதுக்கே ஆவாதுன்னு ஒரு வெதி இருக்குது இல்ல, கண்ணு. அப்போ எங்க வவுத்துல ஊத்திக்கினோமே இத்தினி வருசம், அதுக்கு இன்னா வெதி?’

நான் படித்த எந்த அறிக்கையிலும் அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு அதை எழுதி வைத்திருக்கிறேன்.